பன்றிச் சிறுநீரகம் வரும்வரை காத்திருக்கலாமா?

எங்கள் அண்ணனுக்கு 44 வயது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் சின்னதாக ஒரு கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். பல வருடம் கவனிக்காமல் விட்ட ரத்த அழுத்தம் 2024 ஆகஸ்டில் இரண்டு சிறுநீரகங்களையும் முடித்துவிட்டது. அன்றிலிருந்து திங்கள், புதன், வெள்ளி என்றால் டயாலிசிஸ். நான்கு மணி நேரம் கட்டிலில், பிறகு அன்றைக்கு முழுவதும் அசதி. இடது கையில் ஃபிஸ்துலா போட்டிருக்கிறார்கள், அதாவது டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக இரண்டு ரத்தக் குழாய்களை இணைத்திருக்கிறார்கள். அதன்மேல் விரல் வைத்தால் உள்ளே விர்ரென்று ஓடுவது தெரியும். அந்தக் கையால் கனம் தூக்கக் கூடாது. கொலுசுக் கண்ணிகளைக் கோர்த்துப் பற்றவைக்கிறவருக்கு ஒரு கையைப் பத்திரப்படுத்தச் சொன்னால் பாதித் தொழில் போனமாதிரிதான்.

2025 பிப்ரவரியில் அக்கா வீட்டுக்காரர் ஒரு வீடியோ அனுப்பினார். மரபணு திருத்திய பன்றியின் சிறுநீரகத்தை மனிதர்களுக்குப் பொருத்திப் பார்க்கும் முறையான ஆய்வுக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்துவிட்டது என்ற செய்தி. செய்தி பொய்யில்லை. மாமா போன் போட்டு, "மாப்ள, இன்னும் ஒரு வருஷம் பல்லக் கடிச்சிட்டு இருங்க. நம்ம வீட்ல யாரையும் கத்தியில படுக்க வைக்க வேண்டாம்" என்றார். எல்லோருக்கும் ஒரு பாரம் இறங்கியது. எனக்கும் இறங்கியது. எட்டு மாதம் காத்திருந்தோம்.

அந்த எட்டு மாதத்தின் தொடக்கத்திலேயே உட்கார்ந்து செய்திருக்க வேண்டிய ஒப்பீட்டைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே நிலையில் சேலத்தில், நாமக்கல்லில், தர்மபுரியில் எத்தனையோ குடும்பங்கள் இருக்கின்றன. நான் மருத்துவன் இல்லை. அண்ணனின் சிறுநீரக டாக்டரிடம் கேட்டுக் கேட்டுப் புரிந்துகொண்டவை இவை. உங்கள் வீட்டு முடிவை உங்கள் டாக்டரோடு உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும்.

டயாலிசிஸை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எந்த வழியில் போனாலும் அதுவரைக்கும் அதுதான் தாங்கிப் பிடிக்கிறது. சேலம் அரசு மருத்துவமனையில் உண்டு, தனியாரிலும் உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் பணத்துக்கு ஓரளவு வழி பிறக்கும். ஆனால் ஆரோக்கியமான சிறுநீரகம் இரவும் பகலும் ஓயாமல் செய்கிற வேலையை வாரத்துக்கு 12 மணி நேரத்தில் இயந்திரம் முழுதாகச் செய்துவிடாது. தண்ணீர் அளந்து குடிக்க வேண்டும். பொட்டாசியம் ஏறும் என்பதால் ஏற்காட்டு ஆரஞ்சும் வெண்ணெய்ப் பழமும் கிடையாது. மாம்பழ சீசனில் சேலத்துக்காரர் ஒருவர் மாம்பழத்தைத் தொடாமல் இருப்பதைக் கூட இருந்து பார்த்தால்தான் அந்த வேதனை விளங்கும். வருடங்கள் போகப் போக இதயம்தான் அடி வாங்கும்.

வயிற்று வழி டயாலிசிஸும் இருக்கிறது. வயிற்றில் ஒரு குழாய் பொருத்தி, இரண்டு லிட்டர் திரவப் பையை ஒரு நாளைக்கு நான்கு தடவை வீட்டிலேயே மாற்றிக்கொள்வது. ஏற்காட்டுக் காப்பித் தோட்டம் ஒன்றில் கணக்கு எழுதும் ஒருவர் அதில்தான் இருக்கிறார். வாரம் மூன்று முறை 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏற அவரால் முடியாது. அவருக்கு அது வரம். கை சுத்தம் தவறினால் வயிற்றுக்குள் கிருமி புகுந்துவிடும். அமிலப் புகையும் வெள்ளிப் பொடியும் பறக்கும் பட்டறைக்கு மேல்மாடியிலேயே குடியிருக்கிற எங்களுக்கு அது ஒத்துவராது என்று விட்டுவிட்டோம்.

இனி பன்றி.

அம்மாவின் கேள்விதான் முதலில் வந்தது. "பன்னியோடதா? நம்ம வீட்டுச் சாமிக்கு ஆவாதேடா." டயாலிசிஸ் அறையில் ஊசி போடும் தம்பி அதைக் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்: "அம்மா, ரத்தம் உறையாம இருக்க உங்க பையனுக்கு ஒவ்வொரு தடவையும் போடற ஹெபாரின் மருந்தே பன்னிக் குடல்ல இருந்து எடுக்கறதுதாங்க." அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எம்புள்ள இருந்தாப் போதும்" என்றார். பன்றியின் இதய வால்வும் பன்றியிலிருந்து எடுத்த இன்சுலினும் எத்தனையோ வருடமாக மனித உடம்புக்குள் போனவைதான். அருவருப்பு எங்கள் வீட்டில் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிட்டது. உடம்பின் எதிர்ப்பு அப்படித் தீருவதில்லை.

விலங்கின் உறுப்பை மனிதனுக்கு வைப்பது நேற்றைய யோசனை அல்ல. 1960களில் அமெரிக்காவில் கீத் ரீம்ட்ஸ்மா என்ற மருத்துவர் சிம்பன்சியின் சிறுநீரகங்களைப் பொருத்தினார். அவரிடம் சிகிச்சை பெற்றவர்களில் ஒருவர் மட்டும் ஒன்பது மாதம் வாழ்ந்தார். 1984இல் பேபி ஃபே என்ற பச்சைக் குழந்தைக்கு பபூன் குரங்கின் இதயத்தை வைத்தார்கள். சுமார் மூன்று வாரம்தான். நம் நாட்டிலும் நடந்தது. 1997இல் அசாமில் தனிராம் பருவா என்ற மருத்துவர் 32 வயதுக்காரர் ஒருவருக்குப் பன்றியின் இதயத்தைப் பொருத்தினார். ஒரு வாரத்தில் அவர் இறந்தார், மருத்துவர் கைதானார். மரபணு திருத்தாத பன்றி அது. இன்று என்ன மாறியிருக்கிறது என்று விளங்க, அன்று ஏன் தோற்றது என்று தெரிய வேண்டும்.

அயோத்தியாபட்டணம் பக்கம் எங்கள் தாத்தாவுக்கு மாந்தோப்பு இருந்தது. நாட்டு மாங்கன்றின் மேல் மல்கோவாக் குச்சியை வைத்து ஒட்டுக் கட்டுவார். சாறு ஓடும் இடம் சாறு ஓடும் இடத்தோடு சேர்ந்தால் ஒட்டுப் பிடித்துக்கொள்ளும். மாமரத்தின் மேல் பலாவைக் கட்டினால் பிடிக்காது, குச்சி காய்ந்து உதிரும். மனித உடம்போ காய விட்டுவிட்டுச் சும்மா இருக்காது. வந்தது யார் என்று பார்த்துத் தாக்கும். அடையாளம் பார்ப்பது பெரும்பாலும் சர்க்கரையை வைத்து. காப்பியில் போடுகிற சர்க்கரையைச் சொல்லவில்லை. ரத்தக் குழாய்ச் சுவரின் செல்கள் ஒவ்வொன்றின் மேலும் நுண்ணிய சர்க்கரைச் சங்கிலிகள் ரோமம்போல நிற்கின்றன. பன்றி, மாடு, ஆடு இவற்றின் செல்களில் ஆல்ஃபா கேல் என்ற ஒரு சர்க்கரை உண்டு. மனிதனுக்கு இல்லை. வாலில்லாக் குரங்குகளுக்கும் ஆசிய, ஆப்பிரிக்கக் குரங்குகளுக்கும் இல்லை. ஏற்காடு மலைப்பாதை வளைவுகளில் சுவர்மேல் உட்கார்ந்து நம் கைப்பையையே பார்த்துக்கொண்டிருக்கிறதே, அந்தக் குரங்குக்கும் நமக்கும் இந்த விஷயத்தில் ஒரே குலம். இரண்டு கோடி வருடங்களுக்கும் முன்பே நம் பொது மூதாதைகளிடம் அந்த மரபணு செயலிழந்துவிட்டது.

நம்மிடம் இல்லாத அந்தச் சர்க்கரை நம் குடலில் வாழும் கிருமிகளிடம் இருக்கிறது. அதைப் பார்த்துப் பார்த்து நம் உடம்பு குழந்தைப் பருவத்திலிருந்தே அதற்கெதிரான ஆன்டிபாடிகளை, அதாவது அந்நியமானதைத் தேடிப் போய் ஒட்டும் எதிர்ப்புப் புரதங்களை, செய்து நிரப்பி வைத்திருக்கிறது. ரத்தத்தில் சுற்றும் ஐ.ஜி.ஜி. வகை ஆன்டிபாடிகளில் ஏறத்தாழ 1 சதவீதம் இந்த ஒரே சர்க்கரைக்காகத் தயாராக நிற்கிறது. சாதாரணப் பன்றியின் சிறுநீரகத்தைப் பொருத்தி, ரத்தக் குழாயைப் பிடித்திருக்கும் கவ்வியைத் திறந்தால், ரத்தம் உள்ளே போன சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் அது கறுத்துவிடும். ஆன்டிபாடி போய் ஒட்டும். ரத்தத்தில் இருக்கும் காம்ப்ளிமென்ட் என்ற புரதங்கள் வரிசையாகக் கிளம்பிச் செல்களைத் துளைக்கும். ரத்தக் குழாய் முழுக்க உறைகட்டி அடைத்துவிடும். அறுவைச் சிகிச்சை மேசையிலேயே கதை முடிந்துவிடும்.

மரபணுத் திருத்தம் இந்த இடத்தில்தான் உள்ளே வருகிறது. அந்தச் சர்க்கரையைச் செய்யும் மரபணுவைப் பன்றியிடமிருந்து எடுத்துவிடுகிறார்கள். அதோடு நம் உடம்பு அந்நியமாகப் பார்க்கும் இன்னும் இரண்டு சர்க்கரைகளையும் எடுக்கிறார்கள். ரெவிவிகார் நிறுவனத்தின் பன்றியில் 10 திருத்தங்கள். நான்கு பன்றி மரபணுக்கள் நிறுத்தப்பட்டிருக்கின்றன: மூன்று சர்க்கரைக்கானவை, ஒன்று உறுப்பு மனித உடம்புக்குள் போன பிறகும் பன்றியின் அளவுக்கு வளர்ந்துகொண்டே போகாமல் இருப்பதற்கானது. ஆறு மனித மரபணுக்கள் சேர்க்கப்பட்டிருக்கின்றன. காம்ப்ளிமென்ட் தாக்குதலை அடக்கச் சில, ரத்தம் உறைவதைச் சீர்ப்படுத்தச் சில, அழற்சியைத் தணிக்க ஒன்று, 'இது நம்ம ஆள், விழுங்காதே' என்று வெள்ளணுக்களுக்கு அடையாளம் காட்ட ஒன்று. இஜெனிசிஸ் நிறுவனத்தின் பன்றியில் 69 திருத்தங்கள். எண்ணைக் கேட்டு மலைக்க வேண்டாம். அவற்றில் 59, பன்றியின் மரபணுவுக்குள்ளேயே பரம்பரையாக ஒளிந்திருக்கும் வைரஸ் துண்டுகளைச் செயலிழக்க வைப்பதற்கு. எதிர்ப்பைத் தணிக்கிற திருத்தங்கள் என்று பார்த்தால் இரண்டிலும் பத்தை ஒட்டித்தான் வருகிறது.

இதனால் முதல் கோட்டை விழுந்துவிட்டது என்பது உண்மை. உடனே கறுத்துப்போவது இப்போது இல்லை. பொருத்திய சிறுநீரகம் மேசையிலேயே சிறுநீர் விடுகிறது, ரத்தத்தில் தேங்கியிருந்த கிரியேட்டினின் என்ற கழிவு இறங்குகிறது. இதைச் செய்தவர்களை நான் மனசாரக் கும்பிடுகிறேன். ஆனால் அடுத்தடுத்த கோட்டைகள் அப்படியே நிற்கின்றன. டி செல் என்ற வெள்ளணுக்கள் சர்க்கரையோடு நிற்பதில்லை, புரதங்களைப் பார்க்கும். பன்றியின் புரதங்கள் ஆயிரக்கணக்கில் நம்முடையவற்றிலிருந்து வேறுபடும். அவற்றுக்கெதிராகப் புதுசாக ஆன்டிபாடிகளும் பிறக்கும். அதை அடக்க மனிதச் சிறுநீரகத்துக்குத் தருவதைவிடப் பலமான மருந்துக் கூட்டு தேவைப்படுகிறது. மருந்தைக் கூட்டினால் கிருமி வரும். குறைத்தால் உடம்பு உறுப்பைத் தள்ளும்.

நடந்தவற்றைக் கேளுங்கள். 2022 ஜனவரியில் மேரிலாந்தில் டேவிட் பென்னட்டுக்குப் பன்றி இதயம், இரண்டு மாதம் உயிரோடிருந்தார். அந்த இதயத்தில் பன்றியின் வைரஸ் ஒன்று ஒளிந்து வந்தது பிறகுதான் தெரிந்தது. 2024 மார்ச்சில் பாஸ்டனில் ரிச்சர்ட் ஸ்லேமனுக்குப் பன்றிச் சிறுநீரகம். எட்டாவது நாளிலேயே எதிர்ப்பு கிளம்பியது, மருந்தால் அடக்கினார்கள், சிறுநீரகம் வேலை செய்தது. ஆனால் 52ஆம் நாள் அவர் இறந்தார். காரணம் இதயம் என்றும், சிறுநீரகம் தோற்றதற்கான அறிகுறி இல்லை என்றும் மருத்துவர்கள் சொன்னார்கள். அதே வருடம் நவம்பரில் நியூயார்க்கில் டவானா லூனி. தன் அம்மாவுக்கு ஒரு சிறுநீரகத்தைக் கொடுத்துவிட்டு, பிற்காலத்தில் தானே டயாலிசிஸுக்கு வந்தவர். 130 நாள் அந்தச் சிறுநீரகத்தோடு ஊருக்குத் திரும்பி நன்றாகவே நடமாடினார். இடையில் ஒரு தொற்று வந்தது. அதற்காக உடம்பின் எதிர்ப்பை அடக்கும் மருந்தைக் குறைத்தார்கள். உடம்பு உறுப்பைத் தள்ளிவிட்டது. எடுத்துவிட்டு மறுபடி டயாலிசிஸ். இந்த ஒரு பெண்ணின் கதையில் முழுச் சிக்கலும் இருக்கிறது. 2025 ஜனவரியில் டிம் ஆண்ட்ரூஸ். 271 நாள், அதுவரை யாருக்கும் பன்றிச் சிறுநீரகம் அவ்வளவு நாள் தாங்கியதில்லை. அக்டோபரில் அதன் வேலை குறைந்து, எடுக்க வேண்டியதாயிற்று.

அந்த அக்டோபர்ச் செய்தியைப் படித்த அன்றுதான் எங்கள் வீட்டில் காத்திருப்பு முடிந்தது. அன்றைய உலக சாதனையே ஒன்பது மாதம். அண்ணனின் சின்ன மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள்.

இன்னொன்றையும் அப்போதுதான் ஒழுங்காகப் படித்தோம். அந்த அமெரிக்க ஆய்வு யாருக்காக? உடல்நிலை காரணமாக மனிதச் சிறுநீரகம் வைக்க முடியாதவர்களுக்கும், வரிசையில் நின்றாலும் ஐந்து வருடத்துக்குள் கிடைக்கும் வாய்ப்பைவிட இறந்துபோகும் வாய்ப்பே அதிகம் என்றிருப்பவர்களுக்கும். கொடுக்க ஆள் இருக்கிற 44 வயதுக்காரருக்கு அல்ல. இங்கே அதற்குப் பெயர் கொடுக்க ஒரு வரிசையும் கிடையாது. இதெல்லாம் மாமா அனுப்பிய வீடியோவில் இல்லை. நாங்களும் தேடவில்லை.

அந்த எட்டு மாதம் சும்மா போகவில்லை, அதற்கு விலை கொடுத்தோம். 2025 ஜூலையில் அண்ணனுக்கு ஹீமோகுளோபின் மிகவும் இறங்கியது. ஒரு மருத்துவமனையில் இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். மாற்றுச் சிகிச்சைக்குப் போகப்போகிறவரா என்று அவர்கள் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அடுத்தவர் ரத்தம் ஏறும்போதெல்லாம் அடுத்தவர் செல்களுக்கு எதிரான ஆன்டிபாடி உண்டாகலாம். அப்படி உண்டானால் நாளைக்குச் சொந்த அக்கா கொடுத்தாலும் கிராஸ்மேட்ச் பாசிட்டிவ், அதாவது வாங்குபவரின் ரத்தம் கொடுப்பவரின் செல்களைத் தாக்குகிறது, என்று வந்து வாசலிலேயே நிற்க வேண்டியிருக்கும். சிறுநீரக மாற்று உத்தேசம் இருக்கிறவர்கள் எங்கே போனாலும் முதலில் சொல்ல வேண்டியது அதைத்தான். உயிர் போகிற அவசரம் இல்லையென்றால் ரத்தம் ஊறவைக்கும் எரித்ரோபொயட்டின் ஊசியாலும் இரும்புச் சத்தாலும் ஏற்றப் பார்ப்பார்கள். அண்ணனுக்கு அதிர்ஷ்டம், பிறகு பார்த்ததில் ஆன்டிபாடி பெரிதாக ஏறியிருக்கவில்லை.

இப்போது வீட்டுக்குள் வருகிறேன்.

அண்ணன் ஓ பாசிட்டிவ். ஓ வகுப்புக்காரர் யாருக்கும் கொடுக்கலாம், ஓ வகுப்பிடமிருந்து மட்டுமே வாங்கலாம். அக்கா ஓ. ஆனால் சர்க்கரை நோயாளி, டாக்டர் கேட்ட உடனேயே வேண்டாம் என்றுவிட்டார். அம்மா ஏ, 68 வயது, ரத்த அழுத்தம் வேறு. நான் ஏ. அண்ணி பி. ஆக, அக்காவை விட்டால் எங்களில் ஒருவருடைய வகுப்பும் சேரவில்லை. 'சேரவில்லை' என்ற அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் பன்றியைப் பார்த்துக் கிளம்பினோம்.

டாக்டர் ஒரு தாளை எடுத்துப் படம் போட்டுக் காட்டினார். ரத்த வகுப்பு என்பதும் சர்க்கரைதான். பி வகுப்பின் அடையாளச் சர்க்கரையையும் பன்றியின் ஆல்ஃபா கேலையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்தார். நுனி இரண்டிலும் ஒன்றேதான். பி வகுப்பில் ஃபியூகோஸ் என்று பக்கக் கிளை ஒன்று கூடுதலாக இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். அந்தத் தாள் இன்னும் என் சட்டைப்பையில் இருக்கிறது. அண்ணிக்கும் அண்ணனுக்கும் நடுவே நிற்கிற சுவரும், பன்றிக்கும் மனிதனுக்கும் நடுவே முதலில் நிற்கிற சுவரும் ஒரே செங்கல்லில் கட்டியவை. பன்றி விஷயத்தில் கொடுக்கிறவரிடமிருந்து அந்தச் செங்கல்லை எடுத்துவிட முடிகிறது. அண்ணியின் மரபணுவை யாரும் திருத்த முடியாது. ஆகவே வாங்குகிறவரின் ரத்தத்திலிருந்து ஆன்டிபாடியை எடுக்கிறார்கள்.

ரத்த வகுப்பு சேராத மாற்று என்று இதைச் சொல்கிறார்கள். இறந்தவர்களின் உறுப்பு கிடைப்பது அரிதான ஜப்பானில் 1980களின் கடைசியிலிருந்தே செய்து பழகிவிட்டார்கள். நம் நாட்டின் பெரிய மையங்களிலும் நடக்கிறது. முதலில் ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்து, ஆன்டிபாடி செய்யும் செல்களின் வேரைக் குறைக்கும். சில வாரம் கழித்து பிளாஸ்மா மாற்று. ரத்தத்தின் நீர்ப்பகுதியைப் பிரித்து, ஆன்டிபாடியோடு வெளியேற்றிவிட்டு வேறு ஏற்றுவது. அல்லது அந்தச் சர்க்கரையையே பூசிய மணிகள் நிரம்பிய ஒரு குழல் வழியாக பிளாஸ்மாவை ஓடவிடுவது. அந்த ஆன்டிபாடி மட்டும் மணிகளில் ஒட்டிக்கொள்ளும், மற்றவை திரும்பி உடம்புக்கே வரும். அளவு போதுமான அளவுக்கு இறங்கியதும் அறுவைச் சிகிச்சை. அதன்பின் முதல் இரண்டு வாரம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். அதைத் தாண்டிவிட்டால் ஓர் அதிசயம் நடக்கிறது. ஆன்டிபாடி மெல்லத் திரும்பி வந்தாலும் சிறுநீரகம் அதோடு ஒத்துப்போய்விடுகிறது. மருமகள் மாமியார் வீட்டோடு ஒத்துப்போவது மாதிரி என்றார் டாக்டர். பன்றி உறுப்பில் அந்த ஒத்துப்போதல் இன்னும் நம்பும்படி கைகூடவில்லை. என் பார்வையில் இரண்டு வழிகளுக்கும் நடுவே இருக்கிற பெரிய வித்தியாசம் இதுதான்.

குறையையும் சொல்லிவிட வேண்டும். வகுப்பு சேர்ந்த மாற்றைவிட இதில் செலவு அதிகம், முதல் வருடத்தில் தொற்றும் ஆன்டிபாடி எதிர்ப்பும் வரும் வாய்ப்பும் கொஞ்சம் அதிகம். ஆனால் அனுபவமுள்ள இடத்தில் அந்தக் கட்டத்தைத் தாண்டியவர்கள் வருடக்கணக்கில் நன்றாக இருக்கிறார்கள். 271 நாளோடு ஒப்பிட வேண்டியது இதைத்தான்.

என்னையும் அண்ணியையும் வைத்து ஒப்பிட்டார்கள். அண்ணனின் ரத்தத்தில் ஏ வகுப்புக்கு எதிரான ஆன்டிபாடி 1:512, அதாவது 512 மடங்கு நீர்த்த பிறகும் தென்படுகிற அளவு. பி வகுப்புக்கு எதிரானது 1:64. எங்கள் டாக்டர் 1:8க்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்கிறார். 64இலிருந்து இறக்குவது கைக்கு எட்டுகிற வேலை, 512இலிருந்து இறக்குவது மலை ஏறுகிற வேலை. தம்பி என்ற முறையில் திசுப் பொருத்தம் எனக்குத்தான் கூடுதல். ஆனாலும் இந்த எண்ணுக்கு முன்னால் அது எடுபடவில்லை.

வேறு இரண்டு வழிகளையும் பார்த்தோம். ஒன்று, பரிமாற்றம். 2011 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, வகுப்பு சேராத இரண்டு குடும்பங்கள் சிறுநீரகத்தை மாற்றிக்கொள்ளலாம். ஏ கணவரும் பி மனைவியும், பி கணவரும் ஏ மனைவியும் சந்தித்தால் அருமையான வழி. எங்களுக்கு வேண்டியதோ, பி வகுப்பு நோயாளியும் ஓ வகுப்புக் கொடையாளியும் உள்ள ஒரு குடும்பம். ஓ வகுப்புக்காரர் தன் வீட்டு நோயாளிக்கு நேராகவே கொடுத்துவிடலாமே, அவர் ஏன் பரிமாற்றத்துக்கு வரப்போகிறார்? வேறு காரணத்தால் கிராஸ்மேட்ச் சேராமல் போனவர்கள் யாராவது வந்தால்தான் உண்டு. பெயர் கொடுத்து வைத்திருக்கிறோம்.

இன்னொன்று, மூளைச்சாவு அடைந்தவர்களின் கொடை. 2008இல் ஹிதேந்திரன் என்ற 15 வயதுப் பையனின் உறுப்புகளை மருத்துவர்களான அவன் பெற்றோர் கொடுத்த நாளிலிருந்து தமிழ்நாட்டில் இது ஓர் இயக்கமாகவே வளர்ந்தது. அரசின் உறுப்பு மாற்று ஆணையம்தான் வரிசையை நடத்துகிறது. மருத்துவமனை வழியாகப் பெயர் பதிய வேண்டும். ஓ வகுப்புக்கு வரிசை நீளம். ஆனால் டயாலிசிஸ் தொடங்கிய வாரமே பதிந்திருந்தால் இன்றைக்கு ஒரு வருடத்துக்கும் மேலான மூப்பு கையில் இருந்திருக்கும். பதிவதால் வேறு எந்தக் கதவும் அடைவதில்லை. இந்த ஒரு விஷயத்தில் யோசிக்கவே வேண்டாம், இந்த வாரமே போய்ப் பதியுங்கள்.

பணம் கொடுத்து வாங்கலாம் என்று சொல்கிறவர்களும் வந்தார்கள். நம் பக்கத்து பள்ளிபாளையத்தில் கடனில் மூழ்கிய விசைத்தறித் தொழிலாளர்களைத் தரகர்கள் எப்படிப் பிடித்தார்கள் என்று 2025இல் ஊரே படித்தது. அதை நான் ஒரு வழியாகவே கணக்கில் எடுக்கவில்லை.

எல்லாவற்றையும் இப்படி அடுக்கிப் பார்த்த பிறகுதான் ஒன்று உறைத்தது. எட்டு மாதமாக மாமாவும் நானும் அண்ணனும் பன்றியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். ஒரு நாள்கூட அண்ணியிடம் கேட்கவில்லை. அவரைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். நவம்பரில் ஒரு சாயங்காலம் பட்டறை மாடியில் வைத்துத் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அண்ணி கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார்.

"நான் ஆடி மாசமே நினைச்சிட்டேன் தம்பி. யாராச்சும் கேப்பீங்கன்னு பாத்தேன். குரூப் சேராதுன்னு நீங்களே பேசிக்கிட்டீங்க."

அவர் சரி என்று சொன்னதும் நான் உடனே சந்தோஷப்படவில்லை. நம் நாட்டில் உயிரோடு கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள், வாங்குபவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். எந்த வீட்டில் எது அன்பு, எது நெருக்கடி என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அதனால்தான் சட்டம் கொடையாளியைத் தனியாக உட்கார வைத்துக் கேட்கச் சொல்கிறது, அதை வீடியோவும் எடுக்கச் சொல்கிறது. கொடையாளிக்கு ஆபத்தே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அறுவைச் சிகிச்சையில் உயிர் போவது பத்தாயிரத்தில் மூன்று பேர் அளவில் இருக்கிறது. பிற்காலத்தில் அவருக்கே சிறுநீரகம் பழுதாகும் வாய்ப்பும் ஒரு துளி கூடும். டவானா லூனியை நினைத்துக்கொள்ளுங்கள். இதையெல்லாம் அண்ணியிடம் நானே படித்துக் காட்டினேன். அண்ணியின் அம்மா வீட்டார் ஓமலூரிலிருந்து வந்து, டாக்டரிடம் ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார்கள். கேட்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.

பன்றிச் சிறுநீரகத்தை நான் தூக்கி எறிந்துவிடவில்லை. உயிரோடு இருப்பவர் கொடுத்த சிறுநீரகம் பொதுவாகப் பதினைந்து, இருபது வருடம் உழைக்கும். அதன்பின் அண்ணனுக்கு இரண்டாவது ஒன்று தேவைப்படலாம். அப்போது அவருக்கு அறுபது வயதிருக்கும், கொடுக்க வீட்டில் ஆள் இருக்காது. பிள்ளைகளிடம் வாங்க மாட்டேன் என்று இப்போதே சொல்லிவிட்டார். நான் பன்றியை எதிர்பார்ப்பது அந்த இடத்தில்தான். இன்றைக்கு பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் தங்கள் உடம்பைக் கொடுத்துக் கற்றுக்கொடுப்பவர்களின் பலன் அன்றைக்கு எங்களுக்கு வந்து சேரட்டும். ஒரு வேளை கொடுக்க வீட்டில் யாருமே இல்லாமல், வயதும் ஏறி, வரிசையும் நகராமல் நிற்கிற ஒருவர் இதைப் படித்தால், அவருக்கு என் கணக்கு பொருந்தாது. அவர் அந்த ஆய்வுச் செய்திகளை விடாமல் பார்த்துக்கொண்டிருப்பதே நியாயம்.

அண்ணன் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. மூன்று நாள் யாரிடமும் பேசவில்லை. நான்காம் நாள் டயாலிசிஸ் முடிந்து வந்தவர் அண்ணியிடம், "உனக்கு வலிக்கும்" என்றார். "ரெண்டு புள்ள பெத்தவகிட்ட வலியப் பத்திப் பேசாதீங்க" என்று சொல்லிவிட்டு அவர் அடுப்படிக்குப் போய்விட்டார்.

இன்று காலையிலிருந்து வீட்டுக் குளியலறையில் ஐந்து லிட்டர் கேன் ஒன்று இருக்கிறது. கொடையாளியின் 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்துப் பரிசோதிக்க வேண்டுமாம். மேலே அண்ணியின் பெயரையும் தொடங்கிய நேரத்தையும் சின்ன மகள்தான் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஒட்டியிருக்கிறாள். காலை 6 மணி. நாளைக் காலை 6 மணிக்கு அதை நான் ஆய்வகத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.